சித்திரத்திலிருந்து இறங்கி வந்த பெண்

வெளியே பனி கொட்டுகிறது. அடுப்பிலோ விறகு இல்லை. பாரிஸ் நகரத்து மாடியறை ஒன்றில் ஒரு சித்திரக்காரனும் ஒரு கவியும் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருக்கும் ஒரு நாற்காலியை உடைத்து எரிக்கலாம் என்கிறான் சித்திரக்காரன். வேண்டாமென்று தடுத்து, தான் எழுதிய நாடகத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்து அங்கம் அங்கமாக அடுப்பிலிடுகிறான் கவி. 'லா போஹேம்' என்னும் இத்தாலிய ஸங்கீத நாடகம் இவ்வாறு ஆரம்பமாகிறது. புச்சீனி இயற்றிய இந்நாடகம் 1896-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ந் தேதி தூரின் நகரில் அரங்கேறிற்று. வாத்திய கோஷ்டியை நடத்தியவர் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற டாஸ்கனீனி. அப்பொழுது அவருக்கு வயது 28.

அதே மாடியில் குடியிருக்கும் மீமீ, துணியில் பூவேலை செய்து பிழைப்பவள். அவிந்துபோன மெழுகுவத்தியைக் கையிலேந்தி நெருப்புக் கேட்டுக் கவியின் அறைக்கு வருகிறாள், காதல் பிறக்கிறது. நாலாவது அங்கத்தில் க்ஷயரோகம் முற்றியவளாய் அந்த மாடியறைக்கே திரும்பி வந்து உயிர் விடுகிறாள். மருந்து வாங்குவதற்காக ஒரு தோழி தன் காதணிகளைக் கழற்றிக் கொடுக்கிறாள். தத்துவம் படித்த நண்பன் ஒருவன் தன் பழைய மேலங்கியை அடகு வைக்கப் புறப்படுமுன், அந்த அங்கியிடமே விடைபெற்றுப் பாடுகிறான். இவ்விடத்தில் கண் கலங்காதவர்களைக் கல்நெஞ்சர் என்றே சொல்ல வேண்டும்.

சில வாரங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இந்நாடகத்தின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கொண்டிருந்தோம். முடிந்ததும் எல்லோரும் சற்று நேரம் மௌனமாக இருந்தோம். நண்பரின் சகோதரி மட்டும் கண்ணைத் துடைத்துக் கொண்டே, "ஏன் ஐயா, எப்பொழுதும் அந்தப் பெண்ணேதானா சாக வேண்டும்? கவி பிழைத்துக் கொள்கிறான். அடுத்த வருஷம் இந்தச் சாவைப் பற்றியே ஒரு காவியம் எழுதிப் பேர் வாங்கிவிடுவான். அவள் எழுந்து உட்கார்ந்து தன் கதையைத் தானே சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அப்பொழுது நாம் ஏதோ சமாதானம் சொல்லித் தப்பித்துக் கொண்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான், அப்படி எழுந்து உட்கார்ந்த ஒருத்தி உண்மையிலேயே இருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. கேட்டவருக்கு உடனே சொல்லாத பதிலை இந்த வாரம் நேயர்கள் எல்லோருக்குமாகச் சொல்கிறோம்.

முதலில் 'போஹேம்' என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் ஊராய்த் திரியும் நாடோடி ஜனங்களைப் பிரெஞ்சுக்காரர் 'போஹீமியர்' என்று அழைத்து வந்தனர். இன்று செக் நாட்டைச் சேர்ந்ததாயிருக்கும் போஹீமியா பிரதேசத்திலிருந்து அவர்கள் வந்ததாக ஒரு தவறான எண்ணம். உண்மையில் அந்த ஜனங்கள் பேசும் பாஷையின் வேர் நம் இந்தியாவில் இருக்கிறதென்று பாஷா சாஸ்திரிகள் நிச்சயித்திருக்கிறார்கள். நம்மவர்களை அயலூர்ப் பெயர் சொல்லி அழைத்த கதைகளுள் இதுவும் ஒன்று. நாளடைவில், நிலையான வீடும் தொழிலும் இன்றிக் கலையே கதியென்று திரிந்த வாலிபர்களுக்கும் அப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஆன்றி மூர்ஜே என்பவர் இவர்களுடைய வாழ்க்கையைப் பத்திரிகையில் சிறுசிறு சித்திரங்களாக எழுதி 1851-ம் ஆண்டில் புத்தகமாக வெளியிட்டார். புச்சீனியின் நாடகத்துக்கு மூலம் அதுதான். தையற்காரர் ஒருவரின் மகனாகிய மூர்ஜே வறுமையைப் புத்தகத்தில் படித்து எழுதியவரல்லர். அனுபவித்தே எழுதினார், 1861-ல், 38-வது வயதில், காலமானார்.

பின்னாளில் இவர்களுடைய ராஜதானியாக விளங்கியது பாரிஸின் வடபுறத்திலுள்ள மோன்மார்த் என்னும் குன்று. சுமார் 130 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின்மேல் காற்றாலைகளும் திராக்ஷைத் தோட்டங்களும் ஜிப்ஸம் சுரங்கங்களும் இருந்தன. 1860-ம் ஆண்டில்தான் அது பாரிஸ் நகரத்தோடு சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு நகர எல்லைக்கு வெளியே இருந்தபடியால் மதுவின்மேல் நகர வரி கிடையாது. ஆகவே மதுக்கடைகளும் நடனசாலைகளும் பெருகின. குடிக்கூலி குறைவு. சித்திரம் எழுதுவதற்கு வேண்டிய வெளிச்சமோ தாராளம். கலைஞர்கள் குடியேறுவதற்கு இவற்றைவிட வேறென்ன வேண்டும்?

இந்தக் குன்றுக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. 1871-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ந் தேதி, குன்றின்மேலிருந்த பீரங்கிகளை எடுத்துச் செல்ல அரசாங்கப் படை வந்தபோது ஜனங்கள் மறித்துக் கொண்டார்கள். பாரிஸ் கம்யூன் என்று பெயர் பெற்ற கிளர்ச்சி அங்கேதான் மூண்டது. இரண்டு மாதங்களுக்குப்பின் அது ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்களின் ரத்தத்தில் அடக்கப்பட்டது. இன்று குன்றின் உச்சியில் வெள்ளை வெளேரென்று தோன்றும் ஸாக்ரே கர் ஆலயத்தின் கட்டடவேலை 1875-ல் துவங்கிற்று. தேசத்தின் பாவங்களுக்குப் பிராயச்சித்தமாக அவ்வாலயம் எழும்புவதாகக் கூறப்பட்டது. யார் செய்த பாவத்துக்கு யார் பிராயச்சித்தம் செய்வதென்பது குன்றின்மேல் குடியிருந்தவர்களுக்கு வேறு விதமாகத் தோன்றியிருக்கலாம்.

அந்தக் குன்றின் சந்துகளில் செருப்பில்லாமல் ஓடியாடி வளர்ந்த சிறுமி ஒருத்தி. பெயர் மரீ கிளெமான்தீன் வலாதோன். 1865-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 23-ந் தேதி, பிரான்ஸின் நடுப்பகுதியிலுள்ள பெஸ்ஸீன் என்ற சிற்றூரில் பிறந்தவள். தாய், பிறர் வீடுகளில் துணி தைத்தும் துவைத்தும் தரை கழுவியும் ஜீவித்தவள். தகப்பன் பெயர் தெரியாது. சிறுமி பள்ளிக்கூடத்தில் தங்கியதைவிடத் தெருவில் தங்கியதே அதிகம். தொப்பி தைக்கும் கடையிலும் காய்கறிச் சந்தையிலும் உணவு விடுதியிலும் வேலை செய்துவிட்டு, கடைசியில் ஒரு ஸர்க்கஸில் சேர்ந்தாள். பதினைந்து வயதிருக்கும், ஊஞ்சல் வேலை செய்கையில் உயரத்திலிருந்து விழுந்தாள். ஸர்க்கஸ் வாழ்வு அத்துடன் முடிந்தது.

படுத்த படுக்கையிலிருந்து எழுந்தவளுக்கு அந்தக் குன்றில் வேறொரு பிழைப்பு காத்திருந்தது. சித்திரக்காரர் முன் மணிக்கணக்காக அசையாமல் நின்றும் உட்கார்ந்தும் உருவம் காட்டுகிற பெண்ணை 'மாடல்' என்பார்கள். மரியா என்ற பெயரில் இவள் அத்தொழிலில் இறங்கினாள். பூவி த ஷவான் என்ற பெரிய சித்திரக்காரர், தேவகன்னியர் உலவும் சோலை ஒன்றை மிகப் பிரம்மாண்டமான படமாக எழுதினார். அதிலுள்ள இந்தப் பெண்ணும் தான், அந்தப் பெண்ணும் தான், கிளையை ஒடிக்கும் வாலிபனும் தானே என்று இவள் பிற்காலத்தில் சொல்வதுண்டு. 1883-ல் ரெனுவார் எழுதிய 'பூஜிவாலில் நடனம்' என்ற படத்தை நேயர்களிற் பலர் அச்சுப் பிரதியிலாவது பார்த்திருக்கக் கூடும். சிவப்புக் குல்லாய் அணிந்து, ஆடவனுடைய பிடியில் முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு சுழல்கிறாளே, அவள்தான் மரியா. அதே ஆண்டில் அவர் எழுதிய 'நகரத்தில் நடனம்' என்ற படத்தில் வெண்பட்டுடுத்துப் புறங்காட்டி ஆடுபவளும் அவளே.

அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 26-ந் தேதி, மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மணமாகவில்லை. தகப்பன் யாரென்று அவள் சொல்லவில்லை. ஊரார் பல பெயர்களைச் சொன்னார்கள். ஏழெட்டு வருஷங்களுக்குப்பின் மிகேல் உத்ரிலோ என்ற ஸ்பெயின் தேசத்து நண்பர் குழந்தைக்குத் தம் பெயரைக் கொடுத்தார். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தாய் மறுபடியும் வேலைக்குப் போனாள். அவள் போகாவிட்டால் மூவருக்கும் சோறு ஏது?

இது வரையில் எல்லாம் மூர்ஜேயின் கதையைப் போலவேதான் இருக்கிறது. மாடியறை இருக்கிறது, வறுமை இருக்கிறது, அழகிய பெண்ணும், அவளை ஏமாற்றிய யாரோ ஒருவனும் இருக்கிறார்கள். மிச்சமிருப்பது க்ஷயரோகம் ஒன்றுதான். ஆனால் 1883-ம் வருஷத்தில் அவளுடைய உருவத்தை எழுதிய கை ரெனுவாரின் கை மாத்திரம் அன்று. வேறொரு படம் இருக்கிறது. வர்ணச் சுண்ணத்தால் காகிதத்தில் தீட்டிய சிறிய படம். இன்று பாரிஸில் பொம்பிடூ கலாநிலையத்துக்குச் சொந்தமானது. ரெனுவார் எழுதிய கன்னங்களின் செழுமையும் மயங்கிய பார்வையும் அதில் இல்லை. இறுகிய உதடுகள், கெட்டியான மோவாய், 'நீ யார்?' என்று நம்மையே கேட்கும் கண்கள். எழுதியவள் 18 வயது மரியா. கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே எழுதிக்கொண்டாள்.

கையில் கிடைத்த கரித்துண்டால் தரையிலும் சுவரிலும் கிறுக்குவது அவளுக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே வழக்கம். கலாசாலையில் சேர்ந்து கற்க வசதியில்லை. வசதியிருந்தாலும் பாரிஸின் அரசாங்கக் கலாசாலை அந்நாளில் பெண்களைச் சேர்த்துக் கொள்வதில்லை. ஆனால், பீடத்தின்மேல் அசையாமல் நின்ற மணிகளெல்லாம் அவளுக்குப் பாட நேரமாயின. சித்திரக்காரர் அவளைப் பார்த்து எழுதினார். அவளோ சித்திரக்காரர் எப்படி எழுதுகிறாரென்று பார்த்துக் கொண்டிருந்தாள். கூலியும் கொடுத்து வித்தையும் கற்பித்த குருமார்களுக்குத் தாங்கள் குருமார்களென்றே தெரியாது!

முதலில் கண்டுபிடித்தவர் தூலூஸ் லோத்ரெக். உயர்குடியிற் பிறந்தும் கால்கள் வளராமல் குள்ளமாய்ப் போன அந்தச் சித்திரக்காரர், தம் அறைச்சுவரில் மரியாவின் படங்களை மாட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் இவை யார் எழுதியவை, சொல்லுங்கள் பார்க்கலாம் என்று விளையாடுவாராம். ஒருவராவது பெண்ணின் கையென்று சொல்லவில்லை. 'ஸூஸான்' என்ற பெயரை அவளுக்குச் சூட்டியவரும் அவரே. விவிலியத்தில் ஸூஸானா என்ற உத்தமி ஸ்நானம் செய்வதை இரண்டு முதியவர்கள் ஒளிந்திருந்து பார்த்ததாக ஒரு கதை உண்டு. வயதான சித்திரக்காரர் பலர் முன் உருவம் காட்டி நிற்பவள் என்பதால் கேலியாக வைத்த பெயர் அது. கேலியை அவள் வாங்கிக் கொண்டாள். தன் படங்களின் அடியில் அதையே கையெழுத்தாகவும் போட்டாள்.

அடுத்தபடியாக அவள் படங்களைக் கட்டிக்கொண்டு போனது எட்கார் தேகாவின் வீட்டுக்கு. தேகா கடுமையான மனிதர். எவரையும் எளிதில் புகழ மாட்டார். பெண்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதோ அதனினும் அபூர்வம். அப்படிப்பட்டவர் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, நீ எங்களில் ஒருத்தி என்ற கருத்துப்படச் சொன்னார் என்பது வரலாறு. தேகாவுக்கு அவள் ஒரு நாளும் மாடலாக இருந்ததில்லை என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். அவர் அவளுடைய படங்களை விலைகொடுத்து வாங்கினார். செப்புத்தகட்டில் சித்திரம் செதுக்கும் முறையைத் தம் வீட்டு யந்திரத்திலேயே கற்பித்தார். 1894-ம் ஆண்டில், தேசீய நுண்கலைச் சங்கத்தின் காட்சியில் அவளுடைய படங்கள் வைக்கப்பட்டன.

இனி இவரை 'அவர்' என்று குறிப்பிடுவதே மரியாதை.

இதற்கு முந்திய வருஷத்தில் ஒரு காதற்கதை நடந்தது. குன்றின்மேலிருந்த மதுவிடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்த எரிக் ஸாட்டி என்ற இளைஞருக்கு அப்பொழுது வயது 26. இன்று உலகமெங்கும் ஒலிக்கும் அவருடைய மெல்லிய பியானோக் கிருதிகள் அன்று எவர் காதிலும் ஏறவில்லை. 1893-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஸூஸானுடன் பழக்கம் ஏற்பட்டது; அன்றிரவே மணம் செய்துகொள்ளும்படி கேட்டாராம். ஸூஸான் இசையவில்லை. ஆயினும் கோர்த்தோ வீதியில் அவர் குடியிருந்த சிற்றறைக்குப் பக்கத்து அறைக்கே வந்து சேர்ந்தார். ஸாட்டி 'பிகீ' என்று செல்லப்பெயரிட்டு, ஈஸ்டர் பண்டிகைக்கு மிகச்சிறிய பாட்டொன்று இயற்றி, அதன் பக்கத்தில் ஸூஸானின் முகத்தையும் வரைந்து கொடுத்தார். ஸூஸானும் சும்மா இருக்கவில்லை. உயர்ந்த தொப்பி, மூக்குக் கண்ணாடி, தாடி சகிதமாக ஸாட்டியைத் தைலவர்ணத்தில் எழுதினார்.

ஆறு மாதங்கூட ஆகவில்லை. ஜூன் மாதம் 20-ந் தேதி எல்லாம் முடிந்துபோயிற்று. ஸூஸானுக்கு அதே சமயத்தில் பால் மூஸி என்ற தனவந்தரின் நேசமும் இருந்தது. ஸாட்டியின் இசைத்தாள்களில் 'வெக்ஸேஷன்' என்ற பெயருடன் ஒரே பக்கமுள்ள கிருதி ஒன்று கிடைத்திருக்கிறது. அதை 840 முறை திரும்பத் திரும்ப வாசிப்பதானால் முன்னதாக மௌனத்தில் அமர்ந்து தயார் செய்துகொள்ள வேண்டுமென்று குறிப்பு எழுதியிருக்கிறார். 1963-ம் ஆண்டில் நியூயார்க் நகரில் பல வித்வான்கள் முறைவைத்து வாசித்தபோது முடிவதற்கு 18 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இக்கிருதி அந்தப் பிரிவுக்குப்பின் இயற்றப்பட்டதென்று பலர் கருதுகிறார்கள். நாமும் அவ்வாறே கருத விரும்புகிறோம். ஒரே துயரத்தை 840 முறை நினைத்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

1898-ல் ஸாட்டி பாரிஸுக்குத் தெற்கேயுள்ள ஆர்க்கேய் என்ற ஊரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு குடிபோனார். பெரும்பாலும் கால்நடையாகவே பாரிஸுக்கு வந்து போவார். வேறொரு பெண்ணை அவர் நேசித்ததாகத் தெரியவில்லை. 1925-ல் அவர் இறந்த பிறகு நண்பர்கள் கதவைத் திறந்தார்கள். அதற்கு முன் 27 வருஷகாலம் அந்த அறைக்குள் வேறொருவர் கால் வைத்ததில்லை. தூசியும், குடைகளும், ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற இரண்டு பியானோக்களுமாயிருந்த அவ்வறையில், 1893-ல் ஸூஸான் எழுதிய படமும் இருந்தது.

மீமீயின் கதையை எழுதியவர்கள் ஆண்கள். இந்தக் கதையில், கதவைச் சாத்திக்கொண்டு ஏங்கியவர் ஆண். படத்தை எழுதிவிட்டுப் போனவர் பெண். ஸூஸான் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1896-ல் அவர் மூஸியை மணந்தார். ஊருக்கு வெளியே வீடும் தோட்டமும் குதிரை வண்டியும் கிடைத்தன. தாயும் மகனும் பசியின்றி இருந்தார்கள். பணத்துக்காகக் காதலைக் கைவிட்டதாகக் கவிகள் பழிப்பார்கள். மாதக் கடைசியில் அரிசிப் பானைக்குள் கை விட்டுப் பார்த்தவர்கள் பழிக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த ஸௌகரியத்துக்கும் விலை இருந்தது. அதைக் கொடுத்தவன் மகன் மோரீஸ். அவன் பாட்டியின் மடியில் வளர்ந்தவன். கிராம வழக்கப்படி பாட்டி குழந்தையின் சூப்பில் மதுவைக் கலந்து கொடுத்தாள் என்பர். பதினாறு பதினேழு வயதுக்குள் தீராத குடிகாரனாகிவிட்டான். 1904-ம் ஆண்டில் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் புத்தி நிலைக்கலாம் என்றார்கள் வைத்தியர்கள். தாய்க்குத் தெரிந்த கைவேலை ஒன்றுதான். தூரிகையைக் கையில் கொடுத்து, இதை எழுதினாலொழிய உன்னை வெளியே விட மாட்டேன் என்று உட்கார்த்தி வைத்தார். மோரீஸ் எழுதியதோ தாய் எழுதியவற்றினின்றும் முற்றிலும் வேறு. ஆளரவமற்ற வீதிகள், காரை உதிர்ந்த வெள்ளைச் சுவர்கள், சாத்திய ஜன்னல்கள். சுவரின் வெண்மை சரியாக அமையும்பொருட்டு வர்ணத்தோடு சுண்ணச்சாந்தையே கலந்தான். குடிக்காசுக்குப் பதிலாக மதுக்கடைக்காரர்களிடம் அவன் கொடுத்த படங்கள் பின்னாளில் பெரும் விலை பெற்றன.

தாய் அருகிலேயே இருந்து வளர்த்திருந்தால் மோரீஸ் இப்படி ஆகியிருக்க மாட்டான் என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். கூலிக்கு நிற்கப் போகாமல் அருகிலேயே இருக்க எந்தத் தாய்க்கு அந்தக் குன்றில் வழியிருந்தது என்று அவர்கள் எழுதுவதில்லை. எனினும் இதைப்பற்றி நாம் எவ்வளவு யோசித்தும் மனம் ஒரு பக்கமாக நிற்கவில்லை. ஸூஸான் பாடுபட்டுப் பெற்ற சுதந்திரத்தின் வரவுசெலவுக் கணக்கில் அந்தப் பையனுடைய பெயரும் எழுதியிருக்கத்தான் செய்கிறது.

1909-ல் மூஸியை விட்டுப் பிரிந்தார். காரணம் மகனுடைய தோழராகிய ஆந்த்ரே உத்தேர். மின்சார வேலை செய்துகொண்டே படம் எழுதியவர். ஸூஸானைவிட 21 வயது இளையவர். நமது குடும்பங்களில் இச்செய்தியைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அந்நாளைய பாரிஸிலும் இருந்தார்கள். ஐம்பது வயது சித்திரக்காரர் இருபது வயது மாடலோடு வாழ்ந்தால் மட்டும் அந்நகரில் எவரும் முகம் சுளித்ததில்லை. அவ்வாண்டில் ஸூஸான், தம்மை ஏவாளாகவும் உத்தேரை ஆதாமாகவும் வைத்து ஒரு பெரிய படம் எழுதினார். தம்மையும் தம் காதலரையும் ஆடையின்றி ஒரு பெண் எழுதிக் காட்சிக்கு வைப்பது அதுவரையில் கேளாத செய்தி. ஏவாளைப்பற்றி ஆட்சேபம் எழவில்லை. ஆடையற்ற பெண்கள் பாரிஸின் சுவரெங்கும் நிறைந்திருந்தார்கள் அல்லவா? ஆதாமின் இடுப்பில்தான் பின்னர் இலைக்கொடி ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்றும் அப்படத்தில் அந்த இலைகளைக் காணலாம்.

அதே வருஷங்களில் அதே குன்றில் வசித்த இன்னொரு பெண்ணையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. துணி வெளுக்கும் படகைப்போலிருந்ததால் 'பத்தோ லவ்வார்' என்று பெயர் பெற்ற மரக் கட்டடத்தில், குடியிருந்த அத்தனை பேருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அங்கே 1904-ல் குடியேறிய ஸ்பெயின் தேசத்து இளைஞர் பிக்காஸோ, பெர்னாண்ட் ஒலிவியே என்ற மாடலைச் சந்தித்தார். இருவரும் ஏழு வருஷங்களுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். அறுபதுக்கு மேற்பட்ட உருவங்களில் அவளை எழுதியும் வடித்தும் அவர் பெரும்புகழ் பெற்றார். பொறாமையினால் அவளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனதும் உண்டு. 1912-ல் பிரிந்தபோது அவளிடம் பணமுமில்லை, கைத்தொழிலுமில்லை. அந்த வருஷங்களைப் பற்றி அவள் எழுதிய புத்தகம் 1933-ல் வெளிவந்தது. பிக்காஸோ அதைத் தடுக்கப் பார்த்தார். கிழப்பருவத்தில் மேலும் எழுத முற்பட்டபோது, வெளியிடாதிருக்கும்பொருட்டு ஒரு தொகை கொடுத்தார். வாங்கிக்கொண்டாள்; பசி இருந்தது. 1966-ல் அவள் இறந்தாள். அந்த இரண்டாவது புத்தகம் வெளிவந்தது 1988-ல்.

ஸூஸானின் இல்லத்தில் நடந்தது அமைதியான வாழ்க்கை என்று நினைத்துவிட வேண்டாம். 1914-ல் உத்தேர் யுத்தத்துக்குப் புறப்படுமுன் இருவரும் முறைப்படி மணந்து கொண்டார்கள். கோர்த்தோ வீதி 12-ம் எண் வீட்டில் மூவரும் மூன்று பேய்களைப்போலச் சண்டையிட்டார்கள் என்று அண்டை வீட்டார் சொல்வதுண்டு. மோரீஸ் குடித்துவிட்டு வீதியில் விழுந்து கிடப்பான். போலீஸார் கொண்டுவந்து விடுவார்கள். 1920-க்குப்பின் மோரீஸின் படங்களுக்கு ஏராளமான பணம் வந்தது. ஒரு பழைய கோட்டையையே விலைக்கு வாங்கினார்கள். குடிகார மகனின் கீர்த்தி தாயின் கீர்த்தியை மறைத்துவிட்டது. நெடுங்காலம் வரையில், 'மோரீஸ் உத்ரிலோவின் தாய்' என்றே ஸூஸானைப் பற்றி எழுதி வந்தார்கள்.

1923-ல் அவர் எழுதிய 'நீல அறை' என்ற படம் நமக்கு மிகவும் பிடித்தமானது. படுக்கையில் ஒரு பெண் சாய்ந்திருக்கிறாள். பழைய சித்திரக்காரர்கள் இவ்விதம் படுத்திருக்கும் பெண்ணை ஆடையணியின்றி, பார்ப்பவருக்கு விருந்தாக எழுதுவார்கள். இவளோ கோடு போட்ட தொளதொளத்த கால்சட்டை அணிந்து, பருத்த உடம்பைத் தளர்த்திக்கொண்டு, வாயில் சிகரெட்டுடன் எங்கேயோ பார்த்துக் கொண்டிருக்கிறாள். காலடியில் இரண்டு புத்தகங்கள். சிகரெட்டை நாம் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் நாள் முழுவதும் வேலை செய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் பெண்ணை இவ்வளவு சரியாக எழுதிய வேறொருவரை நாம் அறியோம்.

1938-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, 72-வது வயதில், ஸூஸான் வலாதோன் காலமானார். இறுதிச் சடங்குக்கு வந்திருந்தவர்களில் பிக்காஸோவும் இருந்தார். கோர்த்தோ வீதி வீடு இப்பொழுது மோன்மார்த்தின் காட்சிசாலையாக இருக்கிறது. அவர் வேலை செய்த அறையைப் பழையபடியே அமைத்து 2014-ல் திறந்து வைத்தார்கள். 2025-ம் ஆண்டின் முற்பாதியில் பொம்பிடூ கலாநிலையம் அவருடைய படங்களையெல்லாம் திரட்டிப் பெரிய காட்சி நடத்திற்று. விளம்பரத்தில் மகனுடைய பெயரைச் சேர்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

இறப்பதற்கு ஏழு வருஷங்களுக்கு முன், 1931-ல், அவர் கண்ணாடி முன் உட்கார்ந்து இன்னொரு முறை தம்மை எழுதிக் கொண்டார். கத்தரித்த தலைமயிர், கழுத்தில் ஒரு மாலை, மேலாடை இல்லை. அறுபத்தைந்து வயதின் சுருக்கம் ஒன்றையும் மறைக்கவில்லை. 1883-ல் நம்மைப் பார்த்த அதே கண்கள். குடும்பப் பத்திரிகையாகையால் அப்படத்தை இங்கே வெளியிட இயலவில்லை. 18-வது வயதில் எழுதிய படத்தைப் பற்றிச் சொன்னதோடு நேயர்கள் திருப்தியடைய வேண்டும். நண்பரின் சகோதரிக்கு மாத்திரம் இரண்டு படங்களின் பிரதிகளையும் உறையிலிட்டு அனுப்பியிருக்கிறோம்.